போட்ட கையெழுத்தைத் திரும்பக் கேட்கத் தஞ்சாவூர் போனோம்

ஐப்பசி மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை நானும் என் நாத்தனார் மல்லிகாவும் தஞ்சாவூர் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் வந்தோம். கோயில் குளம் பார்க்கப் போன பயணமில்லை. எங்கள் ஊர் ஆலம்படுகையை மாநகராட்சியோடு சேர்த்துக்கொள்ள ஊர் மக்கள் அத்தனை பேரும் சம்மதித்துவிட்டதாக ஒரு தீர்மானம் மேலே போயிருந்தது. அதன் அடியில் முதல் கையெழுத்து என்னுடையது. நான் சம்மதிக்கவே இல்லை. உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு நாள் வரலாம் என்பதால் நேரம், தூரம், செலவு எல்லாம் குறித்து வைத்து எழுதுகிறேன்.

கையெழுத்து எப்படிப் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காந்தி ஜெயந்தி அன்று கிராம சபை. எங்கள் ஊரில் கூட்டத்துக்குள் நுழையும்போதே நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நடவு நேரத்தில் பாதிப் பேர் உட்காராமல் வயலுக்குப் போய்விடுவார்கள், அதனால் வந்த பழக்கம். பக்கத்தின் மேல் பாதி வெறுமையாக இருக்கும். கூட்டம் முடிந்தபின் ஊராட்சிச் செயலர் நிதானமாகத் தீர்மானங்களை அதில் எழுதிக்கொள்வார். பல வருடமாக இப்படித்தான். யாரும் தப்பாக நினைத்ததில்லை, நானும்தான். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் பலரும் கைநாட்டு வைக்கிறபோது, நான் தலைப்பெழுத்தோடு முழுப் பெயரையும் போடுவேன். அதற்காகவே முதல் ஆளாகப் போய் நிற்பேன். அடுத்த கையெழுத்து மல்லிகாவுடையது. அன்றும் அப்படியே போட்டுவிட்டு, தெருவிளக்கு பற்றியும் கொசு மருந்து பற்றியும் பேசிக் கலைந்தோம். மாநகராட்சி என்ற வார்த்தையே என் காதில் விழவில்லை. பத்து நாள் கழித்து அலுவலகப் பலகையில் நகல் ஒட்டியிருந்தார்கள். ‘ஆட்சேபணை இல்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ கீழே அழகாக என் பெயர்.

எனக்கு ஏன் இது பெரிய விஷயம் என்றால், மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டால் நூறு நாள் வேலை கிடையாது. எங்கள் தெருக்காரர்கள் முன்பு மற்றவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். இப்போது சிலருக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் சொந்தமாக இருக்கிறது. பலருக்கு இல்லை. இல்லாத பெண்களுக்கு அந்த நூறு நாள்தான் யார் முகத்தையும் பார்க்காமல் கைக்கு வருகிற காசு. அவர்கள் வேலையை என் கையெழுத்தே பறித்தது என்று ஆகிவிடக் கூடாது. ரோட்டோர வயலை மனை போட்டு வைத்திருப்பவர்கள் இணைப்பு வேண்டும் என்பதில் ஆச்சரியமில்லை. மனை விற்கிற பலகையில் ‘மாநகராட்சி எல்லைக்குள்’ என்று எழுதலாம்.

ஆனால் மல்லிகாவும் இணைப்பு வேண்டும் என்கிறவள். மனையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளுக்கு முட்டி வலி. மழை பெய்தால் எங்கள் தெருச் சேற்றில் கால் வைக்க முடியாது. வீட்டுக்குள் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வர வேண்டும் என்று இருபது வருடமாகச் சொல்கிறாள். பிறகு ஏன் என்னோடு வந்தாள் என்று கேட்பீர்கள். அதற்கு அவளே பதில் சொல்வாள், கொஞ்சம் பொறுங்கள்.

காலை 7.20 டவுன் பஸ்ஸில் ஏறினோம். எங்கள் ஊரிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு ஒன்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். பெண்களுக்குக் கட்டணமில்லை. வெண்ணாற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போனது. பாலத்தில் பஸ் மெதுவாகப் போகும், ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் நுழைந்து ஒரு திருப்பத்தில் பெரிய கோயில் விமானம் தெரியும். எத்தனை தடவை பார்த்தாலும் நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். எனக்குத் தஞ்சாவூர் மிகவும் பிடிக்கும். நான் அதைத் தேடிப் போவதும் அது எங்கள் ஊருக்குள் வந்து உட்கார்வதும் ஒன்றில்லை, அவ்வளவுதான். மல்லிகாவிடம் இதைச் சொன்னேன்.

“இவ்வளவு பிடிக்கும்னா பக்கத்துல வந்தா என்னவாம் அண்ணி?” என்றாள்.

“பிடிக்கும்னு மாரியம்மன் கோயில் திருவிழாவ வீட்டுக்குள்ள வச்சுக்குவியா நீ?”

கண்டக்டர் சிரித்துவிட்டு, “ரெண்டு பேரும் எறங்குறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க” என்றார். வரவில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டு அருகே பொங்கல் ஒரு தட்டு நாற்பது ரூபாய், காபி பதினைந்து. வடை வாங்க வேண்டாம், முந்தின நாள் வடை மாதிரி இருந்தது. அங்கிருந்து திருச்சி ரோட்டில் போகும் நகரப் பேருந்தில் ஏறினால் கலெக்டர் அலுவலக வாசலில் இறங்கலாம். அதுவும் இலவசம்தான், இருபத்தைந்து நிமிடம். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்பதால் வாசலிலேயே பையைச் சோதிப்பார்கள். மண்ணெண்ணெய் எதுவும் கொண்டுவந்திருக்கிறோமா என்று பார்ப்பதற்காம். ஒரு பெண் போலீஸ் எங்கள் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தது.

“மோரும்மா. பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்” என்றேன்.

“வாசனை நல்லாத்தான் இருக்கு, போங்க” என்றது. வெயிலில் நிற்கிற பெண், பாவம். மூடியில் ஊற்றிக் கொடுத்தேன், குடித்தது.

மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் வீட்டிலேயே என் கையால் எழுதிக்கொண்டு போயிருந்தேன். நான்கே வரி. ‘ஐயா, இந்தக் கையெழுத்து என்னுடையது. இதற்கு மேலே எழுதியிருப்பது என்னுடையது அல்ல. நான் போட்டபோது அந்த இடம் காலியாக இருந்தது. மறுபடியும் கூட்டம் போட்டு எங்களைக் கேட்க வேண்டும்.’ அதற்குக் கீழே நானும் மல்லிகாவும் கையெழுத்து. ஜெராக்ஸ் ஆறு ரூபாய். கவுண்டரில் பதிவு செய்தால் ஒரு சீட்டு தருவார்கள், அதைத் தொலைக்காதீர்கள். 10.05க்கு வரிசையில் நின்றோம், 11.50க்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

மனுவை ஊராட்சிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ஒருவரிடம் அனுப்பினார்கள். சின்ன வயதுக்காரர். இரண்டு தடவை படித்தார்.

“கையெழுத்து நீங்க போட்டதுதானேம்மா?”

“நாந்தாங்க.”

“படிக்கத் தெரியுமில்ல?”

“தெரியுங்க.”

“அப்புறம் ஏன் படிக்காமப் போட்டீங்க?”

“படிக்க அங்க ஒண்ணும் இல்லைங்களே.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மல்லிகாவைப் பார்த்தார். “நீங்களும் மாநகராட்சி வேணாங்கிறீங்களா?”

“நான் வேணுங்கிறேன் சார்.”

“தீர்மானம் உங்க பக்கந்தானே இருக்கு. எதுக்கும்மா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

“என் பக்கந்தான் இருக்கு. என்னையக் கேக்காம இருக்கு.”

அவர் எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். ஒரு நகரம் பக்கத்து ஊரைச் சேர்த்துக்கொள்வதை எப்படி முடிவு செய்கிறது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். முதலில் மாநகராட்சியில் கூட்டம் போட்டு, இந்த இந்த ஊர் வேண்டும் என்று எழுதுகிறார்கள். ஊரின் ஜனத்தொகை, வீட்டு வரி வருமானம், எத்தனை பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள், எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்றெல்லாம் கணக்கெடுக்கிறார்கள். ஊரின் தீர்மானத்தையும் அந்தக் கட்டோடு சேர்க்கிறார்கள். அரசாங்கம் அறிவிப்பு போட்டபின் ஆட்சேபணை சொல்ல நாள் கொடுப்பார்கள். அதன்பிறகுதான் கடைசி உத்தரவு.

“அந்தக் கட்டுல உங்க ஊர்த் தீர்மானம் ஒரே ஒரு தாள்தாம்மா. அதை வச்சு மட்டும் எதுவும் முடிவாகாது” என்றார்.

“எத்தனை தாள்ல ஒண்ணா இருந்தா என்னங்க. எங்க தாள் நெசமா இருக்கட்டும்” என்றேன்.

சிறப்பு கிராம சபை கூட்டச் சொல்லி மனுவிலேயே குறிப்பு எழுதினார். தீர்மானத்தை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதினார். அதையும் ஒரு நகல் வாங்கிக்கொண்டேன்.

மணி ஒன்று. கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, வந்ததுதான் வந்தோம், ஏற்கெனவே சேர்ந்த ஓர் ஊரைப் பார்த்துவிடுவோம் என்று மல்லிகா சொன்னாள். நல்ல யோசனை, நீங்களும் அவசியம் செய்யுங்கள். பஸ்ஸில் பழைய பஸ் ஸ்டாண்டு வந்து, ஷேர் ஆட்டோவில் புங்கந்தோப்புக்குப் போனோம். நான்கு கிலோமீட்டர், ஆளுக்கு இருபது ரூபாய். அந்த ஊர் மாநகராட்சியோடு சேர்ந்து சில வருடம் ஆகிறது.

தெரு முழுக்க சிமென்ட். மல்லிகா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தாள், பைத்தியக்காரி. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த செல்வி என்பவர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். குழாய்த் தண்ணீர், நன்றாகவே இருந்தது.

“சேந்தது நல்லதாங்க?” என்று கேட்டேன்.

“கல்யாணமாகிப் புள்ள பெத்தவகிட்ட கேக்குற கேள்வியாக்கா இது?” என்று சிரித்தார். பிறகு யோசித்து யோசித்துச் சொன்னார். விளக்கு எரிகிறது. குப்பை வண்டி காலையில் வருகிறது. வீட்டு வரி கூடிவிட்டது. நூறு நாள் வேலை நின்றுவிட்டது. “அட்டைய யாரும் திருப்பிக் கேக்கலை. அது பாட்டுக்கு ட்ரங்குப் பெட்டியில கெடக்கு. நான் இப்ப டவுன்ல ரெண்டு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறேன். முன்ன ஏதாச்சும்னா தலைவர் வீட்டு வாசல்ல போய்ச் சத்தம் போடுவோம். இப்ப யார் வாசல்னு தெரியலை.”

வாய்க்கால் எங்கே என்று கேட்டேன். நாங்கள் உட்கார்ந்திருந்த சிலாப்பைக் காட்டினார். கீழே ஓடுகிற சத்தம் கேட்டது, தண்ணீரைப் பார்க்க முடியவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் மல்லிகா, “பாத்தீங்களா அண்ணி, எவ்வளவு வசதி” என்றாள். நானும் அதே நேரத்தில், “பாத்தியாடி, எப்படி ஆயிடுச்சு” என்றேன். ஒரே ஊரைத்தான் பார்த்திருந்தோம். 5.40க்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து மொத்தச் செலவு நூற்றைம்பத்தாறு ரூபாய்.

மூன்று வாரம் கழித்துச் சிறப்பு கிராம சபை நடந்தது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் உட்கார இடமில்லை. செயலர் தீர்மானத்தை வாசித்தார். மனைக்காரர்கள் பேசினார்கள், எங்கள் தெருப் பெண்கள் பேசினார்கள். மல்லிகா எழுந்து தன் முட்டியைப் பற்றியும் சேற்றைப் பற்றியும் நன்றாகவே பேசினாள். எனக்கே ஒரு நிமிடம் அவள் பக்கம் கை தூக்கலாமா என்று இருந்தது, தூக்கவில்லை. எண்ணிப் பார்த்தார்கள். இணைப்பு வேண்டாம் என்றவர்கள் நூற்று இருபத்தாறு பேர், வேண்டும் என்றவர்கள் எழுபத்தொன்பது பேர். மல்லிகா புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு உட்கார்ந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

செயலர் எழுதி முடித்ததும் கையெழுத்துக்கு என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து படித்தேன். ‘மாநகராட்சியுடன் இணைக்க வேண்டாம் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’

“தம்பி, அந்த ஏகமனதாகவ அடி” என்றேன்.

“எப்பவும் அப்படி எழுதுறதுதான் அத்தை. செயிச்சது நீங்கதானே, அப்படி இருந்தாத்தான் பலமா இருக்கும்.”

“என் நாத்தனா வேணாம்னு கை தூக்கலை. அவளோட எழுபத்தெட்டு பேரு தூக்கலை. எத்தனைக்கு எத்தனைன்னு எழுது. அப்பறமாப் போடுறேன்.”

பின்னால் வரிசையில் முணுமுணுப்பு. எங்கள் தெருக்காரர்களே, “இவளுக்கு என்ன வந்துச்சு” என்றார்கள். செயலர் அடித்து, எண்ணிக்கையை எழுதி, அடித்த இடத்தில் சுருக்கொப்பமும் போட்டார். நான் போட்டேன். அடுத்து வந்து மல்லிகாவும் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டாள். போகிறபோது, “சாயங்காலம் கொழம்பு வாங்கிக்கிட்டுப் போங்க, நெத்திலி” என்றாள்.

உங்கள் ஊரில் இந்தப் பேச்சு வந்தால் சில விஷயம் சொல்வேன். வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், வயலில் எவ்வளவு வேலை இருந்தாலும் சரி. கலெக்டர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், மனுவுக்கு மூன்று நகல், ஆதார் நகல், சாப்பாடு, குடை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த ஊர் ஒன்றைக் கட்டாயம் போய்ப் பாருங்கள். போகும்போது உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் பார்க்காததை அவர் பார்ப்பார்.

நகரம் இன்னும் முடிவு செய்யவில்லை. அறிவிப்பு வந்தால் ஆட்சேபணை கேட்கும் நாளைச் சொல்வார்களாம். அன்றைக்கும் 7.20 பஸ்தான். மல்லிகாவும் வருகிறாள். வேண்டாம் என்று என் மனு என் பையில் இருக்கும், வேண்டும் என்று அவள் மனு அவள் பையில் இருக்கும்.