நாற்பது ஈசாக்குகள்

பிஸ்கட் தகரத்தின் மூடியைத் திறக்கும்போது ‘டொப்’ என்று ஒரு சத்தம் வருமே, அது எந்தக் கடையில் கேட்டாலும் என் வயது சட்டென்று ஒன்பதாகிவிடுகிறது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் வீட்டில் கடவுள் அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் பேசுவார்.

அப்பா வேத வசனங்களைத் துண்டுத் தாள்களில் எழுதி, சுருட்டி, அந்தத் தகரத்தில் போட்டு வைத்திருந்தார். பெரிய காரியம் எதுவானாலும் ஜெபம் பண்ணிவிட்டு, காரியத்துக்கு உரியவர் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தவரே வாசிக்க வேண்டும். வந்த வசனத்துக்கு மேல் பேச்சில்லை.

அந்த வருஷம் காரியம் சித்தியுடையது. அம்மாவின் தங்கை, எங்களோடு இருந்தவள். நிபோங் திபால் பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில், ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டுமென்று போதகர் வந்து கேட்டிருந்தார்.

“கல்யாணம் ஆகாத பிள்ளை, கித்தா காட்டுல தனியா இருக்கவா? ஊரு சிரிக்கும்லா,” என்றாள் அம்மா.

“நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். ஞாயித்துக்கிழமை கர்த்தரே சொல்லட்டும்,” என்றார் அப்பா.

சித்தியை யாரும் கேட்கவில்லை.

எனக்கோ சித்தி போனால் உலகம் முடிந்தது. வலிக்காமல் என் தலையைச் சிக்கெடுக்கத் தெரிந்த ஒரே கை அவளுடையது. கூரைத் தகரத்தில் மழை தட்டினால் அந்தத் தாளத்துக்கே பாட்டுக் கட்டிவிடுவாள். கர்த்தர் அவசரத்தில் தவறாகச் சொல்லிவிட்டால்?

சனிக்கிழமை மத்தியானம் பெரியவர்கள் பாகான் டாலாமில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார்கள். தகரத்தைக் கவிழ்த்தேன். நாற்பது சுருள். எல்லாவற்றையும் அழுக்குத் துணி மூட்டைக்குள் ஒளித்துவிட்டு, நாற்பது புதுத் தாள் கிழித்து, நாற்பதிலும் ஒரே வசனத்தை எழுதினேன். பஞ்ச காலத்தில் ஈசாக்கிடம், எகிப்துக்குப் போகாதே, இங்கேயே குடியிரு என்று ஆண்டவர் சொன்னது. விரலெல்லாம் மை. கடவுளுக்கு ஒத்தாசை செய்த களைப்பு.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து முழங்காலிட்டோம். அப்பாவின் ஜெபம் நீண்டுகொண்டே போனது. மூடி திறந்தது. சித்தி எடுத்தாள், பிரித்தாள். பிரித்த கை ஒரு கணம் அப்படியே நின்றது. தகரத்தைப் பார்த்தாள். என் விரல்களைப் பார்த்தாள். பிறகு, கொஞ்சமும் நடுங்காத குரலில் வாசித்தாள்: ஆபிரகாமிடம், உன் தேசத்தையும் இனத்தையும் விட்டுப் புறப்படு என்று ஆண்டவர் சொன்ன வசனத்தை.

அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா ஆமென் என்றார். சித்தி தாளை மடித்துத் தன் வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் தகரத்தைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். மீதி முப்பத்தொன்பதையும் பிரித்தேன். ஈசாக்கு, ஈசாக்கு, ஈசாக்கு. ஒன்று விடாமல் ஈசாக்கு. அப்படியென்றால் அந்த ஒன்றை மட்டும், சித்தியின் கைக்குள்ளேயே, என் எழுத்தை அழித்துக் கடவுள் மாற்றி எழுதியிருக்கிறார். உடம்பெல்லாம் புல்லரித்தது. கோழிகள் சிதற வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். பினாங்குத் தீவிலேயே ஓர் அதிசயத்துக்கு ஒரே சாட்சி நான். வாயைத் திறந்தால் முதுகில் விழும். சித்தி போகிறாளே என்ற துக்கம்கூட அந்த ஓட்டத்தில் எங்கோ பின்தங்கிவிட்டது. சித்திக்கு அந்த ஆபிரகாம் வசனம் மனப்பாடம் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் அந்த வயதில் தெரியவில்லை.

அடுத்த வாரம் படகுத்துறையில் அக்கரைப் படகு புகை கக்கிக்கொண்டு நின்றது. ஊறுகாயையும் மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரையையும் பெட்டிக்குள் திணித்துத் திணித்து அம்மா ஓய்ந்திருந்தாள். சித்தி என் முன்னால் குனிந்தாள். அடக்க மாட்டாமல் அவள் காதோடு கேட்டேன்.

“சித்தி, அன்னைக்குக் கடவுள் பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா? குரல் எப்படி இருந்துச்சு?”

அவள் சிரிக்கவில்லை. படகின் ஊதல் ஒரு தடவை அலறி ஓயும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

“என் குரல் மாதிரியேதான் இருந்துச்சு. அதான்டி பயமா இருந்துச்சு.”