மண்டி வாசல் கல்

"ஏத்தா, பசுமலை வரைக்கும் போயி அம்புட்டுப் படிச்சியாமே. எங்கே, இந்தக் கல்லுல என்ன எழுதிருக்குன்னு சொல்லு பாப்போம். வாசிச்சிட்டா ஒங்கப்பன் வெத்தலக் கட்டையும் நானே சுமக்குறேன்" என்றார், அப்பாவோடு சுமை தூக்கும் மாமா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சோழவந்தான் வெற்றிலை மண்டியின் முதல் படிக்குப் பக்கத்தில், சுவரோடு பதித்த கல் அது. ஊரிலேயே முதல் மாடிக் கட்டடம் அந்த மண்டிதான். அதைக் கட்டும்போது அப்பாவுக்குப் பதினைந்து வயது. கல்லைத் தலையில் சுமந்து வந்ததும், சாந்து இறுகும்வரை தாங்கிப் பிடித்ததும் அவர்தான். "வேலை செஞ்ச எல்லார் பேரும் இதுல இருக்கு, ஒன் பேரும் இருக்கு" என்று கொத்தனார் சொன்னாராம். அதை நம்பி, வெள்ளிக்கிழமைதோறும் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பார்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். அந்தக் கர்வத்தோடுதான் குனிந்து, முந்தானையால் மஞ்சளைத் துடைத்துவிட்டு, உரக்க வாசித்தேன். முதலாளி பெயர். அவர் தகப்பனார் பெயர். கட்டி முடித்த மாதம். அதற்கும் கீழே இரண்டு வரி.

"எம் பேரு வந்துருச்சாத்தா?" என்றார் அப்பா.

எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். தவறில்லை. "கூலிச் சாதியார் இந்தப் படியேறக் கூடாது. பின்வாசல் வழியே வர வேண்டியது" என்று வாசித்தேன்.

படியேறக் கூடாது என்பது அப்பாவுக்கு எப்போதும் தெரியும். அந்த வரிகளுக்குத்தான் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார் என்பது தெரியாது. அதைவிட என்னை உலுக்கியவர் மண்டிக் கணக்குப்பிள்ளை. மேலே பெட்டியடியில் இருந்தவர் நிமிரவே இல்லை. அவருக்கு வாசிக்கத் தெரியும். மண்டிக்கு வந்துபோன வியாபாரிகளுக்கும் தெரியும். இருபத்தைந்து வருஷம், அப்பா பொட்டு வைப்பதைப் பார்த்தபடியே அந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"கொத்தனாருக்கும் வாசிக்கத் தெரியாதோ என்னமோ" என்றார் அப்பா. பிறகு, "வெத்தல வாடுது, எடுங்கப்பா" என்று கட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். மாமா அதைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா கல்லிடம் போகவில்லை. என் பழைய சிலேட்டில் தன் பெயரை எழுதிப் பழகினார். அந்த வரிகளைச் செதுக்கி எடுக்கச் சொல்லி நான் பஞ்சாயத்து போர்டுக்கு எழுதிய மனுவில் கைநாட்டு வைக்கமாட்டேன் என்று அவருக்குப் பிடிவாதம். நான்கு நாளில் பெயர் கோணலாகவேனும் வந்துவிட்டது. மனுவில் அவர் போட்ட கையெழுத்துக்குக் கீழே மாமாவின் கைரேகையையும் வாங்கி, நேற்று மனுவைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.