எங்கள் தெருவில் நட்ட நாற்று

அப்பா ஆட்டோ ஓட்டினார். திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் ஏறுகிறவர்களை எந்தச் சந்துக்குள்ளும் கொண்டுபோய் வாசலிலேயே இறக்கிவிடுவார். தன் வீட்டு வாசலுக்கு மட்டும் அவரால் வர முடியாது. வேர்க்கடலைக் கொல்லையை மனை போட்டு விற்ற இடம் எங்கள் நகர். வீடுகள் வந்துவிட்டன, ரோடு வரவில்லை. மழைக்காலத்தில் முழங்கால் சேறு. ஆட்டோவை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். "உங்க ஆட்டோவுக்கு வீடு இல்லியா?" என்று வகுப்பில் ஒருத்தி கேட்டுவிட்டாள். எனக்கு மானம் போயிற்று.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, மனு கொடுத்துச் சலித்த தெருப் பெண்கள் சேற்றில் நாற்று நட்டுப் போராடுவது என்று முடிவுகட்டினார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமா நாற்றுக்கட்டு கொண்டுவந்தார். பத்திரிகைக்காரர் படம் எடுத்ததும் எல்லோரும் கால் கழுவப் போய்விட்டார்கள். வயல் வேலை பார்த்து வளர்ந்த அம்மா மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

"போட்டோதான் எடுத்துட்டாங்களே, வாங்கக்கா," என்றாள் எதிர்வீட்டு அத்தை.

"நட்டா ஒழுங்கா நடணும். அரைகுறையா உட்டுட்டு வர எனக்கு மனசு வரல," என்றாள் அம்மா. ஓரத்தில் நடக்க வழி விட்டு, தெரு முழுக்க நூல் பிடித்த மாதிரி நட்டு முடித்தாள்.

நாற்று பச்சை பிடித்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எங்களுக்கும் ஒரு வயல் வந்துவிட்டதே! பள்ளி விட்டதும் குச்சியோடு நின்று மாடு விரட்டினேன். ஆட்டோவையே மறந்துவிட்டேன்.

பத்திரிகையில் வந்த படம் வேலை செய்தது. ஒரு சனிக்கிழமை காலை ஜேசிபி வந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதற்கு முன்னால் போய் நின்றேன்.

"தள்ளு பாப்பா, ரோடு போடணும்," என்றார் ஓட்டுநர்.

"எங்கம்மா நட்டது. அறுப்புக்கு அப்புறம் வாங்க!"

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா ஓடிவந்து என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"அறுப்பு இன்னிக்குத்தான்டி!" என்றாள்.

கதிரே வராத பயிரில் என்ன அறுப்பு? அம்மாவுக்கு விவசாயம் மறந்துவிட்டது என்று நினைத்தேன்.

ரோடு போட்டு முடிந்த பிறகு, ஒரு சாயங்காலம், ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு அப்பா தெருவுக்குள் வந்தார். எல்லோரும் வெளியே வந்து கைதட்டினார்கள். அந்தப் பழைய ஆட்டோவுக்கு, புது வண்டிக்குச் செய்வதுபோல, அம்மா கற்பூரம் சுற்றிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். வயல் போன துக்கத்தில் நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா நட்டது விளைந்து, மூன்று சக்கரத்தில் வாசலுக்கே வந்து நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.