மிதிகளையும் சேர்த்து

சைக்கிளின் எடையைக் குறைக்க வேண்டும் என்று என் கடைக்கு வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். திருகாணிக்குப் பத்து கிராம் குறைந்தால் போதும், பரவசப்பட்டுப் போவார்கள். வெளியே போனதும் பேக்கரியில் பன்றி இறைச்சி அடைத்த ‘பை’ பலகாரம் இரண்டு வாங்கித் தின்பார்கள். முதலில் தொப்பையைக் குறையுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். இங்கிலாந்தில் எங்கள் யார்க்‌ஷரில் அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

அதனால் வெண்டி வந்து, "பேரி, பத்து கிலோவுக்குள்ள ஒரு மலை சைக்கிள் வேணும்" என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் ஹாலிஃபாக்ஸ் ஊருக்குப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவள். இந்த மேடுகளில் தினமும் ஒரு பஸ்ஸையே ஏற்றி இறக்குகிறவளுக்கு எடையைப் பற்றி என்ன கவலை?

"ஏன், பந்தயத்துக்குப் போறியா?"

"எனக்கில்ல. நெவிலுக்கு."

என் சிரிப்பு அடங்கிவிட்டது.

நெவில் அவள் கணவன், என் பழைய கூட்டாளி, குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நெஞ்சிலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாயில் வீக்கம் என்று போன வருடம் அறுவை சிகிச்சை நடந்தது. நிதானமாக மிதிக்கலாம், பத்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் மேட்டுப் பாதையிலோ ஆடுகளுக்காகச் சங்கிலி போட்டுப் பூட்டிய கேட்டுகள். வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்காமல் ஒரு மைல் போக முடியாது. இத்தனை காலமும் இரண்டு பேர் வண்டியையும் தூக்கி வைத்தவன் அவன். இனி வெண்டி தூக்க, அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? அதற்கு ஓட்டாமலே இருக்கலாம் என்று வீட்டோடு முடங்கிவிட்டான்.

"நாள் பூரா ஜன்னல்கிட்ட உக்காந்து மழையப் பாக்குறான். நான் கேலி பண்ணாக்கூடத் திருப்பித் திட்ட மாட்டேங்குறான், பேரி. எனக்குப் பயமா இருக்கு."

செய்துவிடலாம் என்றேன். கார்பன் ஃபிரேம் லேசுதான், ஆனால் கல்லில் அடிபட்டால் விரிசல் விடும் என்று நெவில் அதைத் தொடவே மாட்டான். டைட்டானியமே வரவழைத்தோம். முன்பக்கம் மட்டும் ஸ்பிரிங், பின்பக்கம் ஒன்றுமில்லை, பெயிண்ட்கூட இல்லை. வெண்டி டூட்டி முடிந்து நேரே வருவாள். நான் சொல்லச் சொல்ல அவளேதான் மாட்டினாள்.

"கிரீஸ் தடவாமத் திருகாத. டைட்டானியம் கவ்விக்கிச்சுன்னா ஜென்மத்துக்கும் பிரியாது."

"எங்க கல்யாணத்துலயும் யாரோ கிரீஸ் தடவ மறந்துட்டாங்க போல" என்றாள்.

முடிந்ததும் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டோம். ஒன்பது கிலோ எண்ணூற்றைம்பது! என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். குதித்தவள் சட்டென்று நின்றாள்.

"மிதி எங்க?"

இரண்டு மிதிகளும் மேஜைமேல் கிடந்தன. மிதி இல்லாமல் எடை சொல்வதுதான் எங்கள் தொழிலின் வழக்கம். ஊர் உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் பழக்க தோஷத்தில் அப்படியே கணக்குப் போட்டுவிட்டேன்.

"எந்த ஊருலடா மிதி இல்லாம சைக்கிள் ஓட்டுறாங்க, முட்டாப்பயலே!"

மாட்டிப் பார்த்தால் பத்து கிலோ நூற்றெழுபது கிராம்.

"நூத்தி எழுபது கிராம்தானே, வெண்டி..."

"டாக்டர் பத்துன்னாரு. பத்துன்னா பத்துதான். அவன வச்சு நான் சூதாட மாட்டேன்."

இனிக் குறைக்கவும் வழியில்லை. டயரை மெல்லியதாக்கினால் ஈரக் கல்லில் வழுக்கும். முன் ஸ்பிரிங்கை எடுத்தால் குலுங்கல் அவன் நெஞ்சுக்கு ஆகாது. வெண்டி கடைப் படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து நெவில் வந்து நின்றான். டூட்டி முடிந்தும் வீட்டுக்கு வராத பெண்டாட்டியைத் தேடி வந்திருக்கிறான்.

"யாருக்கு இது?"

"உனக்குத்தான், கழுத. ஆனா கொஞ்சம் கனத்துப்போச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டே கணக்கைச் சொன்னாள்.

அவன் வண்டியைச் சுற்றி வந்தான். ஃபிரேமில் உள்ளங்கையை வைத்தான். "நீயா மாட்டுன?"

"பின்ன? பேரி டீதான் குடிச்சான்."

அவன் அவளுடைய கிரீஸ் கைகளையே வெகுநேரம் பார்த்தான். பிறகு, "ஞாயித்துக்கிழமை போவோம், கண்ணு" என்றான்.

ஞாயிறு அன்று மூவரும் போனோம். மழை தூறியது, அதை யார் கண்டுகொண்டார்கள்? முதல் கேட்டு வந்ததும் வெண்டி தன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "தூக்காத! நான்..." என்று ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். மறுபடி ஜன்னலுக்கே போய்விடுவானோ என்று நானும் என் வண்டியை விட்டு இறங்கினேன்.

நெவில் குனிந்து அச்சை உருவினான். முன்சக்கரத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"இத நீ புடி."

சக்கரம் போனதும் வண்டி பத்துக்குள் வந்துவிட்டது. அவனுடைய பழைய இரும்பு வண்டியை இப்படிப் பிரித்திருந்தாலும் பத்துக்குள் வந்திருக்காது, அது வேறு விஷயம். முப்பது வருடத்தில் அவன் தன் சுமையில் ஒரு துண்டைக்கூட அவள் கையில் கொடுத்ததில்லை. வெண்டி சேறு படிந்த சக்கரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மீதி வண்டியை அவன் ஒரு கையால் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான்.

அடுத்த கேட்டில் அவன்தான் முந்திப் போய்ச் சேர்ந்தான். நாங்கள் போய்ப் பார்த்தபோது சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவளுக்காகக் காத்து நின்றான்.