ஹோபர்ட் போட்டிருந்த தொப்பி

லோரீன் காடிலின் முதல் ஆல்பம் வந்தபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. கிழக்குக் கென்டக்கியில் ஒரு பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் பதினாறு வருடமாகச் சோள ரொட்டி சுட்டவள். பாட்டெல்லாம் அடுப்படியில் எழுதியது. மெட்டெல்லாம் கார் ஓட்டிக்கொண்டே போட்டது. நாஷ்வில்லில் பத்துப் பாட்டுகள் பதிவாயின. அவள் அங்கே போனதே பத்தாவது பாட்டுக்காகத்தான்.

அது தம்பி ஹோபர்ட்டின் பாட்டு. நிலக்கரிச் சுரங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சிவப்புத் தொப்பி, பழகியவனுக்குக் கறுப்பு. சிவப்புத் தொப்பிக்காரனைத் தனியே விடக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஹோபர்ட்டை வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பதாம் நாளே தனியே விட்டார்கள். கூரை சரிந்தது. மேலே கொண்டுவந்தபோது அவன் மார்பின் மேல் கறுப்புத் தொப்பி இருந்தது. ‘பயிற்சி முடிந்தவர், தன் கவனக்குறைவால் இறந்தார்’ என்று நிர்வாகம் எழுதிக்கொண்டது. அப்பா கத்தினார். கேட்க ஆளில்லை. கத்திக் கத்தியே அவரும் போய்ச் சேர்ந்தார்.

தயாரிப்பாளர் பிரென்ட் ஹாலோவேக்கு அந்தப் பாட்டில் ஒரே ஒரு சொல் உறுத்தியது.

“சிவப்புத் தொப்பின்னா இப்ப தேர்தல் கூட்டத்துல போடற கட்சித் தொப்பின்னுதான் நெனைப்பாங்க, லோரீன். பாதிப் பேர் கைதட்டுவாங்க, பாதிப் பேர் காறித் துப்புவாங்க. கறுப்புன்னு பாடிடு. மெட்டுல அழகா உக்காரும்.”

“மெட்டுல உக்காரும். என் தம்பி தலையில உக்காராது.”

“சும்மா ஒரு தடவை பாடிப் பாரு தாயே. காதுக்கு எப்படி இருக்குன்னு கேப்போம்.”

பாடினாள். அங்கேதான் ஏமாந்தாள்.

வெளியீட்டுக்கு முன் மாதிரி இசைத்தட்டு தபாலில் வந்தது. போட்டுக் கேட்டாள். நிர்வாகம் எழுதிய பொய்யை அவள் குரலே, பிசிறில்லாமல், உருகி உருகிப் பாடியது. உடனே பிரென்ட்டுக்குப் போன் போட்டாள்.

“ஒரு சொல்லுதானேம்மா! என்ன குடிமுழுகிப் போச்சு?”

“அவங்களும் ஒரு சொல்லைத்தான்யா மாத்தினாங்க. திரும்பச் சிவப்பாக்கு.”

“ரேடியோவுல தொடமாட்டாங்க. முடியாது.”

“அப்ப பாட்டையே தூக்கு. நான் ஒத்துக்காத பாட்டு வரக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிற.”

“என் தலைதானே?”

ஒன்பது பாட்டோடு ஆல்பம் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். அவள் ஒரு தடவை கேட்டுவிட்டுத் தூக்கி வைத்துவிட்டாள். பொய்யைத் தடுக்கப்போய் உண்மையும் வெளியே வராமல் போயிற்றே.

அடுத்த வாரம் மளிகைக்கடையில் ராய் டென்னி எதிர்ப்பட்டார். ஹோபர்ட்டைத் தனியே விட்டுப்போன மேஸ்திரி.

“ஆல்பம் கேட்டேம்மா. பழசையெல்லாம் கிளறாம விட்ட பாரு, பெரிய மனசு.”

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு ராய். நில்லுங்க, பாடறேன்.”

அவர் நிற்கவில்லை. மாவு மூட்டைகளுக்கு நடுவே, கிட்டார்கூட இல்லாமல், முதல் வரியிலேயே சிவப்புத் தொப்பி என்று அவள் தொண்டை கிழியப் பாடினாள். கல்லாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராய் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தார். அவள் பாடிக்கொண்டே அவர் பின்னால் போனாள்.