உள்ளங்கையில் முதல் வரி

கல்லூரி நூலகத்துக்குப் புத்தகம் வாங்கப் பணமில்லை என்று நிர்வாகம் கைவிரித்த பிறகு எனக்குக் கொடுத்த வேலை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மின்னூல்களைத் தேடிப் பட்டியல் போடுவது. தலைப்பு, ஆசிரியர், மொழி, முழுசாக இருக்கிறதா, திறந்தால் திறக்கிறதா. அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயரைக்கூடப் பார்க்காமல் ‘ஆசிரியர் தெரியவில்லை’ என்று போட்டு ஏற்றியவர்களை வைதே என் பகல்கள் போயின. எந்த நூலகத்தின் தேடலில் என்ன சொல் போட்டால் எது சிக்கும் என்பது எனக்கு அத்துப்படி. அந்தத் திமிரில்தான் நைனாவிடம், எந்தப் புத்தகம் வேண்டுமானாலும் கேளுங்கள், எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நைனா, என் அப்பா, அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு திருத்தணியில் என்னோடு இருந்தார். சர்க்கரை முதலில் அவர் கண்ணைப் பறித்தது. பிறகு கால் மரத்துப்போனது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்துகொண்டிருப்பார். பேப்பரை வரி விடாமல் படித்த மனுஷன் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் பெற்ற பெண்ணுக்கு எப்படி இருக்கும்? புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கும் வசதியைப் போனில் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கேட்டுவிட்டு, யாரோ ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது, தான் படித்த மாதிரி இல்லை என்று போனைத் தள்ளி வைத்துவிட்டார்.

அவர் கேட்டது ஒரு தெலுங்கு நாவல். சின்ன வயதில் நகரியில் அத்தை வீட்டில் தங்கித் தெலுங்குப் பள்ளியில் படித்தவர். அப்போது படித்தது. ஸ்டேஷனுக்குள் ரயில் நுழைவதில் கதை ஆரம்பிக்குமாம். ரயில்வேயில் சேரும் ஆசையே அதைப் படித்துத்தான் வந்ததாம். எழுதியவர் பெயர் மறந்து போயிருந்தது. தலைப்பு மட்டும் ஞாபகம் இருந்தது.

எங்கள் வீட்டில் கோபத்துக்குத் தெலுங்கு, மற்றதற்கெல்லாம் தமிழ். எனக்குப் பேச வரும், ஓர் எழுத்து தெரியாது. தலைப்பை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடினேன். அதே தலைப்பில் ஏகப்பட்ட புத்தகங்கள் வந்து நின்றன. எல்லாம் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டவை, பெரும்பாலும் ஆசிரியர் தெரியவில்லை. போனை வாசிக்கச் சொன்னால், தேய்ந்த பழைய அச்சில் அது உளறியது. இது எந்த ஊர்த் தெலுங்கு என்று நைனா எரிந்து விழுந்தார். எழுத்து அவரிடம், கண் என்னிடம். திருத்தணியில் தெலுங்கு படிக்கத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம், யாரையாவது கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு வலது கையை என் பக்கம் நீட்டினார்.

“இதுல எழுதுமா. நானே படிச்சிப் பாக்கறேன்.”

திரையில் தெரிந்த எழுத்தின் வடிவத்தை விரலால் அவர் உள்ளங்கையில் வரைந்தேன். கோலம் போடுகிற மாதிரி இழுக்காதே என்று திட்டினார். எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மறுபடி வரைந்தேன். அவர் முகம் சட்டென்று மாறியது. “வான” என்றார். தெலுங்கில் மழை. “மழையில ஆரம்பிக்குது. இது இல்லமா. நம்மளுது ரயில்ல ஆரம்பிக்கும்.”

புத்தகம் அது இல்லை. ஆனாலும் அவர் சிரித்தார். கண் போன பிறகு அவர் தானாகப் படித்த முதல் சொல் அது.

அதற்கப்புறம் நான் வேலை முடிந்து வருவதற்குள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் அட்டையில் இருந்த பெயரையும் முதல் வரியையும் வரைவேன், அவர் படிப்பார். யாரோ அலட்சியமாக விட்டுப்போன ஆசிரியர்களெல்லாம் அவர் கை வழியாக என் பட்டியலில் ஏறினார்கள். தேடிய நாவல் மட்டும் அகப்படவில்லை. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தோம். நடுவில் ஒருநாள், சுடச்சுட இருந்த காப்பி டம்ளரை வெறும் கையால் பிடித்துக்கொண்டு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். பார்த்தேன். அதைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு ஊர் நிரம்பிவிட்டது. காவடிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போயிற்று. அத்தனை பேர் போனும் ஒரே இடத்தில் சேர்ந்தால் எங்கள் ஊரில் நெட் படுத்துவிடும். கல்லூரி விடுமுறை. மிச்சமிருந்த கடைசிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து ஒருவழியாக முழுசாக நின்றது. முதல் பக்கத்தின் மேலே சின்னதாக ஒரு படம். இன்ஜினா, வீடா என்று தெரியாதபடி மை அப்பியிருந்தது. நைனாவின் கையை மடியில் வைத்து முதல் வரியை வரைந்தேன். பதற்றத்தில் எதையும் விட்டுவிடக் கூடாதென்று நிதானமாக, கடைசி எழுத்துவரை வரைந்து முடித்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

“எழுதுமா” என்றார். “இன்னாத்துக்கு சும்மா உக்காந்துகினு இருக்க?”

விளையாடுகிறாரோ என்று நினைத்தேன். முகத்தில் விளையாட்டு இல்லை. முதல் எழுத்தை இன்னொரு முறை, இந்தத் தடவை நகம் பதிய அழுத்தி வரைந்தேன். உள்ளங்கையில் வெள்ளையாகக் கோடு விழுந்தது. அவர் கழுத்தை வெளிச் சத்தத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். சூடு தெரியாமல் அவர் பிடித்திருந்த காப்பி டம்ளர் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

“நெட்டு வரல நைனா” என்றேன். “பக்கம் இன்னும் தொறக்கல.”

“ஆங், கிருத்திக இல்ல, அதான்” என்றார். “கூட்டம் போவட்டும். அப்புறம் பாக்கலாம்.”

கையை மட்டும் அவர் எடுக்கவில்லை. விரித்தபடியே என் மடியில் இருந்தது.