முள்ளை விழுங்கிய விரால்

ஒரு விரால் மீன் செத்தால் என் மனைவிக்கும் அவள் வயிற்றிலிருந்த பிள்ளைக்கும் ஆபத்து என்று நம்பியவன் நான். பிள்ளைத்தாச்சியின் புருஷன் எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தார். தூண்டில் போடக் கை அரித்ததால், பிடித்த மீனை ஏரியிலேயே விட்டுவிடலாம் என்று எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொண்டேன்.

அன்று நூம்பல் ஏரியில் ஒரு விரால் தூண்டில் முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கிவிட்டது. பதறி இழுத்தேன், ரத்தம் வந்தது. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்தவர் எழுந்து வந்தார். காக்கி டிரவுசர், காதில் பற்றவைக்காத பீடி. தூண்டில் நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"முள்ளு உள்ளயே இருக்கே அண்ணாத்தே, பொழைக்குமா?"

"இயுத்தாதான் நைனா சாவும். அதுக்கு நீ ஏன் இப்டி நடுங்குற?"

காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மீனைத் தண்ணீருக்குள் சற்றுநேரம் பிடித்திருந்து, மெல்ல விட்டார்.

அதன்பின் பஸ்ஸிலோ டீக்கடையிலோ என்னைப் பார்த்தால், நான் கேட்கும் முன்பே சொல்வார்: "உன் விராலப் பாத்தேன். வாய்ல நரம்பு தொங்கிகினு ஜோரா கீது." அன்றைக்கு மட்டும் எனக்குச் சோறு இறங்கும்.

பெண் பிறந்ததும் மிட்டாயோடு ஏரிக்கு ஓடினேன். அவர் ஒன்றை வாயில் போட்டு மென்று முடித்துவிட்டுச் சொன்னார்:

"அது அன்னிக்கே பூட்ச்சு நைனா. நீ அப்பால போன, அது வவுத்தக் காட்டிகினு மெதந்துச்சு. நான்தான் பொதச்சேன்."